அறுபத்தோராம் பக்கம்

நான்காம் பீரியட். கெச்சப் வாசனையோடு
இருபத்தாறு பேர் உள்ளே வருகிறார்கள்.
ஜன்னலுக்கு அப்பால் நெப்ராஸ்கா, பனி,
இறைச்சி ஆலையின் வெள்ளைப் புகை.
காற்று இன்று நம் பக்கம் இல்லை, நல்லவேளை.

நாடகத்தில் ஒரு மேஸ்திரி.
மிஷினை நிறுத்திவிட்டுத்தான் கழுவச் சொன்னேன்
என்று கோர்ட்டில் சத்தியம் செய்கிறான்.
நிறுத்தவில்லை. ஒருவனுக்குக் கை போனது.
ஆலை மூடப்படாமல் தப்பிக்கிறது,
அதை நம்பிய ஊரும்.
கடைசிக் காட்சியில் மனைவியிடம் உப்பு கேட்கிறான்.
எடுத்துத் தருகிறாள்.
திரை.

மனைவியாக வாசிக்க யாரும் முன்வரவில்லை.
கோல்பி ஹ்ருஸ்கா எழுந்தான், ஃபுட்பால் ஜாக்கெட்டோடு,
குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு.
சிரித்தார்கள்.
அறுபத்தோராம் பக்கத்தில் அவள் சொல்வாள்:
"உன் சட்டையை நான்தான் அலசினேன்.
தண்ணீர் என்ன நிறத்தில் போனது என்று
நீ கேட்கவே இல்லை."
பாதி வாக்கியத்தில் கீச்சுக்குரல்
அவனைக் கைவிட்டது.
மீதியைச் சொந்தக் குரலில் முடித்து உட்கார்ந்தான்,
நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸை
அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"இன்னொரு தடவை" என்றது கடைசி வரிசை.
இன்னொரு தடவை வாசித்தோம்.

பிறகு, இருபது வருடப் பழக்கம்,
பலகையின் நடுவில் கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் குற்றவாளி. அந்தப் பக்கம் இல்லை.
யெசெனியா இரண்டுக்கும் கை தூக்கினாள்.
ஒருத்திக்கு ஒரு ஓட்டுதான், என்றான் எவனோ.
"எனக்கு ரெண்டு கையும் இருக்கே" என்றாள்.
அவள் அப்பாவை எனக்குத் தெரியும்.
பெற்றோர் கூட்டத்தில்
இடது கையால் கையெழுத்துப் போடுவார்,
எழுத்துப் பழகும் பிள்ளையைப் போல, மெதுவாக.
நான் பலகையை அழித்தேன்.
மார்க்கர் சரியில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை பரீட்சை.
"மேஸ்திரி செய்தது சரியா? சான்றுடன் விளக்குக."
ஹோதான் பக்கம் முழுவதையும் காலியாக விட்டு
அடியில் ஒரு வரி எழுதியிருந்தாள்:
அவன் வீட்டு வாடகை எவ்வளவு? நாடகத்தில் இல்லையே.

அன்றிரவு தேடினேன்.
திரைச்சீலையின் நிறம் இருக்கிறது,
காபி விலை இருக்கிறது, நாயின் வயதுகூட.
வாடகை இல்லை.

திங்களன்று பிரின்சிபால் டோரன்ஸ் ஒரு படிவம் நீட்டினார்.
ஏதோ பெற்றோரின் புகார்.
அந்தப் பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு,
அதைப் பற்றி மட்டும்தான் புகார்.
'அறுபத்தோராம் பக்கம் வகுப்பில் வாசிக்கப்படவில்லை.'
கீழே புள்ளிக்கோடு.
மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள்.
பேனாவும் அவரே கொடுத்தார்.

"திருத்தியாச்சா மிஸ்?"
வாசலில் தினமும் கேட்கிறாள் ஹோதான்.
அவள் தாள் என் பையின் அடியில்
ஆரஞ்சுப் பழத்தோடு நசுங்கிக் கிடக்கிறது.
நாளைக்கு, என்கிறேன்.

என் வாடகை எழுநூற்று எண்பது டாலர்.
ஹீட்டருக்குத் தனி.