நாலாவது தட்டு

என் பெயர் ஜெபக்குமார்.
மேடையில் வெட் ப்ளூ.
குரோம் டிரம்மிலிருந்து சரிந்து விழும்
ஈரத் தோலுக்குப் பேரணாம்பட்டில் அதுதான் பேர்.
பதினோரு மாசம் அதை மடித்து அடுக்கியிருக்கிறேன்,
கையுறை போட்டும் போடாமலும்.

முதல் பாட்டுக்கு பீட்
இணையத்தில் இருபத்தொன்பது டாலர்.
நாங்கள் எடுத்தது இலவச மாதிரி.
எட்டு வரிக்கு ஒருமுறை ஒரு பெண்குரல்
'இது விற்பனைக்கு' என்று இங்கிலீஷில் சொல்லும்.
அந்த இடம் வந்தால் மட்டும்
நான் கொஞ்சம் கத்திப் பாடுவேன்.

பார்க்காத ஊர்க்காரனின் நடை.
கழுத்தைப் பச்சையாக்கும் சங்கிலி.
வரி முடியும் இடத்திலெல்லாம்
அமெரிக்கப் பாட்டில் பொறுக்கிய அந்தச் சொல்.
அர்த்தம் கேட்டிருந்தால்
'மச்சான்' மாதிரி ஏதோ என்றிருப்பேன்.

காட்பாடி டீக்கடையில்தான் ஒகெல்லோ பழக்கம்.
உகாண்டாக்காரன், இரண்டாம் வருஷம் மெக்கானிக்கல்.
ஸ்டேஷன் வாசலில் அவனைக் கூப்பிடுகிற பேரெல்லாம்
இப்போது அவனுக்குத் தமிழிலேயே புரியும்.
என் பாட்டைப் போனில் கடைசிவரை கேட்டான்.
டம்ளரைக் கீழே வைத்தான்.
"அந்த வார்த்தை என்னுதுகூட இல்லை.
கப்பலில் இழுத்துப்போனவர்கள் முதுகில் ஒட்டினது.
சரி, இங்கே உன்னை என்னவென்று கூப்பிடுவார்கள்?"

நான் பஜ்ஜிக்குக் காசு கொடுத்தேன்.
குடியாத்தம் தாண்டும்வரை
அது வாய்க்குள்ளேயே கிடந்தது,
ஆறாம் வகுப்பில் தண்ணீர்க் குழாயடியில்
ஒருத்தன் எறிந்து நான் விழுங்கின அதே அளவில்,
கரையாமல்.

கடன் வாங்கிய சொல்லை வெட்டினேன்.
பீட்டையும் ஊரிலேயே எடுத்தோம்.
டிரம் சுற்றும் முனகல், ஷிப்டு சங்கு,
ஷூ அப்பர் தைக்கும் எஸ்தர் அக்காவின் மிஷின்:
மூன்று குத்து, நூல் அறுக்க ஒரு நொடி,
மறுபடி மூன்று குத்து.
இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள்.
சென்னையிலிருந்து ஒரு போன்.

"இன்னும் ராவா வேணும் ப்ரோ" என்றார் அவர்.
ஏசியில் எனக்குக் கை நடுங்கியது, குளிரால்தான்.
"உங்க ஆளுங்கள ஒரு வார்த்தை சொல்லித் திட்டுவாங்களே,
அதை ஹூக்ல போடு.
வேற எவன் பாடினாலும் கேஸு.
உன்கிட்டதான் ரைட்ஸ் இருக்கு."

எங்கள் வம்சத்தில் முதன்முதலாக
ஒருவனிடம் சொத்து இருப்பதாகச் சொன்னார்கள்.

விளம்பரத்துக்கு ஒரு ஜோடி ஷூவும் தந்தார்கள்.
நாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.
உள்ளே ஆம்பூர்த் தையல்,
வெளியே எவனுடைய பேரோ.
ஒரிஜினல் என்றார் அவர், பெட்டியைத் தட்டி.

அட்வான்ஸ் வாங்கினேன். எதற்கு மறைப்பானேன்,
பைக் டியூ மூன்று மாசம் பாக்கி.
சொல்லை மட்டும் பாடவில்லை.
ஹூக்கில் மூன்று தட்டு, நாலாவது காலி.
எஸ்தர் அக்கா நூல் அறுக்கிற இடம்.
நான் எதிர்ப்பு என்று நினைத்துச் செய்ததை
'சஸ்பென்ஸ், சூப்பர்' என்று
அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

வேலூரில் ஒரு கல்லூரி விழா.
லைட் கண்ணைக் குத்துகிறது.
மூன்றாவது தட்டு முடிந்து
நான் வாயை மூடினேன்.

மைதானமே வாயைத் திறந்தது.

கோபமே இல்லை அதில்.
போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு,
தோள்மேல் தோள் போட்டுக்கொண்டு,
குதித்துக் குதித்து
அந்தச் சொல்லைச் சரியான நேரத்தில் சொன்னார்கள்.
ஒருத்தர்கூடத் தாளம் தப்பவில்லை.
இடம் விட்டு வைத்ததே நான்தானே.

முன்வரிசையில் ஒகெல்லோ.
அவனுக்குப் புரியவில்லை,
என்ன கத்துகிறார்கள் என்று பக்கத்துப் பையனைக் கேட்கிறான்.
பையன் சிரித்துக்கொண்டே
அவன் காதுக்குள் குனிகிறான்.

ஒகெல்லோ நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது
பீட் சுற்றி வந்துவிட்டிருந்தது.

ஒன்று.

இரண்டு.