உள்ளுறை

முள் ஒன்று புள்ளி நாலில் நிற்க வேண்டும்.
அதோடு வெளிக்காற்றின் பாரம் ஒன்றைக் கூட்டி
அட்டவணையில் விரல் வைத்தால்
அமோனியா மைனஸ் பதினைந்தில் கொதிக்கிறதென்று தெரியும்.
ஏற்கெனவே மேலே கிடக்கும் பாரத்தை
எங்கள் முள் காட்டாது,
நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காசிமேடு ஐஸ் பிளாண்ட். இரவு ஷிப்ட்.
தடைக்காலம். விசைப்படகுகள்
விலாவோடு விலா உரசிக் கட்டிக்கிடக்கின்றன.
ஃபைபர் படகுக்காரர்களை நம்பி
ஒற்றைக் கம்ப்ரஸர் டீசலில் இருமிக்கொண்டிருந்தது.
பத்து மணிக்கே டிரான்ஸ்பார்மர் வெடித்து
ஏரியா முழுக்க இருட்டு.

மூன்று மணிக்கு மீன்பாடி வண்டியில் லோகு வந்தான்.
"ரெண்டு பார் வேணும்க்கா."
மீனுக்கா என்றேன்.
"அப்பாவுக்கு."

தேசப்பன் சாயங்காலமே போய்விட்டிருந்தார். நெஞ்சுவலி.
வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பெட்டி
கரண்ட் போனதும் வெறும் கண்ணாடிப் பெட்டி.
மூத்தவன் கத்தாரிலிருந்து
நாளை நாலரைக்குத்தான் வீடு சேர்வான்.
"அதுவரிக்கும் தாங்குமா?"

லாக் புக்கின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
ஐம்பது கிலோ பார் இரண்டு.
கிலோவுக்கு முந்நூற்று முப்பத்து நாலு கிலோஜூல்
உள்ளுறை வெப்பம்.
அறை முப்பத்து நாலு டிகிரி, மரத்தூள், கோணி,
மேலே ஆஸ்பெஸ்டாஸ்.
பதினைந்து மணி நேரம்.
ஆறு வரைக்கும் தாங்கும் தம்பி, போ.

உள்ளுறை.
பழைய பாட்டுக்காரர்கள் இந்தச் சொல்லை
வேறொரு காரியத்துக்கு வைத்திருந்தார்கள்:
வெளியே நண்டு, நாரை, ஞாழல்,
உள்ளே வாய்விட முடியாத ஒன்று.
பாலிடெக்னிக்கில் எனக்குச் சொன்னது இது:
சூடு உள்ளே போய்க்கொண்டேயிருக்கும்,
தெர்மாமீட்டர் அசையாது.

எட்டரைக்கு நானும் போனேன்.
கஸ்தூரி தலைமாட்டில் உட்கார்ந்து
வருகிறவர்களுக்கெல்லாம் விமானம் இறங்கும் நேரத்தைச்
சொல்லிக்கொண்டிருந்தாள்.
மாலையை எங்கே வைப்பதென்று காட்டினாள்.
தண்ணீர் கேட்ட குழந்தைக்குத் தண்ணீர் எடுத்தாள்.

அப்போதுதான் என் பிழை தெரிந்தது.
பத்துக்குப் பத்து அறை. முப்பது பேர்.
சும்மா உட்கார்ந்திருந்தாலும்
ஆளொன்றுக்கு நூறு வாட் பல்பு.
ஒருவரையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நல்லியல்பு வாயு என்று ஒன்று உண்டு, புத்தகத்தில்.
அதன் துகளுக்குப் பருமன் கிடையாது,
இன்னொன்றின்மேல் இழுப்பு கிடையாது,
மோதும், விலகும், அவ்வளவுதான்.
அப்படியொரு வாயு உலகில் இல்லையென்று
ஒரு டச்சுக்காரர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தார்,
ஒன்று இழுப்புக்கு,
ஒன்று அடைக்கும் இடத்துக்கு.
எழுதி ஆறு மார்க் வாங்கியிருக்கிறேன்.

இங்கே ஒருத்தியின் தோளில் ஒருத்தி.
காலை நீட்ட இடமில்லாமல் மடக்கி மடக்கி
வாசலில் இன்னும் நாலு பேர்,
நகருங்கள் என்றாலும் நகராமல்,
நெருங்கி, இன்னும் நெருங்கி.

பதினொன்றரைக்குக் கோணிக்கடியில் கை விட்டேன்.
தூளும் தண்ணீரும்.
லோகு ஒன்றும் கேட்கவில்லை, வண்டியை எடுத்தான்.
பலகையில் தொற்றிக்கொண்டு நானும் போனேன்.
யார் பேரில் எழுதுவது என்று முதலாளி கேட்டார்.
என் பேரில் என்றேன்,
சொன்னபின் சம்பளத் தேதியை எண்ணினேன்.

இந்தத் தடவை ஆட்களையும் சேர்த்து,
கதவு திறந்து மூடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டேன்:
எட்டு மணி நேரம்.

நாலே முக்காலுக்கு மூத்தவன் வந்தான்,
தோள்பையைக் கழற்றாமல்.
அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால்
அம்மாவைப் பார்த்து, "துன்னியாம்மா?" என்றான்.

கஸ்தூரியிடமிருந்து வந்த சத்தத்துக்கு
சந்தில் நாய்கள் எழுந்து நின்றன.

கோணிக்கடியில் ஐஸ் பாதிக்குமேல் பாக்கி இருந்தது.

அன்றிரவும் முள் ஒன்று புள்ளி நாலில் நின்றது.
நேரம் போட்டு எழுதிவைத்தேன்.