ஆள்-ஆண்டு

பத்துப் பேரை ஓராண்டு பார்த்திருந்தாலும்
ஒருவரைப் பத்தாண்டு பார்த்திருந்தாலும்
கணக்கு ஒன்றே: பத்து ஆள்-ஆண்டு.
கோட்டுக்கு மேலே நோயுற்றோர்.
கோட்டுக்குக் கீழே இது.
வகுத்தால் வருவது நோயின் வேகம்.

ஒருரோ நகரம், பொலிவியா. காற்று மெலிந்த உயரம்.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு
நில்டா அச்சாகோயோ தட்டச்சு செய்கிறாள்.
வெள்ளீயச் சுரங்கத்தின் பழைய வருகைப் பதிவேடுகள்;
புரட்டினால் இன்னும் தூசி எழுகிறது,
அதே தூசி.

தமிழில் எழுதும்போது ஒரு சிலேடை குறுக்கே வந்து நிற்கிறது.
ஆள். ஆண்டு.
அந்தக் குகைக்குள் எவரும் எதையும் ஆண்டதில்லை.

எலெயூதேரியோ கோல்கே, பாறை துளைப்பவர்:
பதினொன்று புள்ளி மூன்று.
எக்ஸ்ரேயில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்த அன்று
அவர் கோட்டுக்கு மேலே போய்விட்டார்.
அதன்பின் மூச்சிழுத்த ஏழு ஆண்டுகளுக்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.
நோய் வரலாம் என்றிருக்கும் காலம்தான் சேர்த்தி;
வந்துவிட்டவரின் காலத்தை அந்தச் சொல் எண்ணாது.

இன்று அவரே வந்திருக்கிறார்.
மாடிப்படியில் நான்கு இடத்தில் நின்று.
ஐந்தாவது இடம் அவள் மேசை.
பேச்சு வர நேரமானது.
அதுவரை அவள் திரையில் ஏதோ தேடுவதுபோல் இருந்தாள்.

"என் தம்பி காசியானோ பேர் இருக்கா?"
இருந்தது. புள்ளி மூன்று. தொடர்பு அறுந்தவர்.
"அறுகலையே. கடல் பக்கம், இக்கிக்கேயில மீன் விக்கிறான்.
போன வாரம்கூடப் பேசினான். ஒரு இருமல் இல்ல."
சட்டைப்பையிலிருந்து ஒரு படம்:
பனிக்கட்டிப் பெட்டிகள் நடுவே பருத்த ஒருவன், ரப்பர் பூட்ஸ்.

எண்ணை வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து ஓர் எக்ஸ்ரே வரவேண்டும்.
அது தெளிவாக இருந்தால்
புள்ளி மூன்று பத்தொன்பது ஆகும்.
கோட்டுக்குக் கீழே கனம் கூடும், விடை கொஞ்சம் இறங்கும்.
இதை அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னாள்.

"அப்ப அவன் நல்லா இருக்கறதால
சுரங்கத்துக்கு நல்ல பேரா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

வகுத்துக் காட்டினாள்.
மூன்றாவது தசமத்தில் ஆறு, ஐந்தாகியது.
அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"போட்டுக்கோ. உண்மைதானே."

பிறகு கதவருகே, சுவரைப் பிடித்தபடி:
"பத்தொன்பது இல்லம்மா.
ஆகஸ்ட் வந்தா இருபது."