நிலையம் மூன்று

பதவி உயர்வுப் படிவம், பதினோராம் பத்தி:
ஆய்வுக்களத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை.
பழைய குறிப்பேட்டில் இருந்ததை எழுதிவிட்டு
கைபேசி வரைபடத்தில் சரிபார்க்கிறேன்.
கரையிலிருந்து நாற்பது மீட்டர் உள்ளே
நீலத்தில் கிடக்கிறது சிவப்புப் புள்ளி.

இரண்டாயிரத்து ஆறில் அது மணல்.
உவரிக்குத் தெற்கே ஓர் ஊர்,
ஆய்வேட்டில் பெயர் கிடையாது, நிலையம் மூன்று.
வண்ணார்பேட்டையில் முதல் பஸ் பிடித்து
ஏலம் முடியுமுன் போய் நிற்பேன்.
காரலோ விளமீனோ
தலை மட்டும் போதும் எனக்கு.
"முண்டத்த நான் யாருக்கு விக்க, டாக்டரம்மா?"
முழு மீனுக்கும் காசு வாங்கிக்கொண்டு
முண்டத்தைக் குழம்பு வைத்தாள் மிக்கேலம்மாள்.
எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

தலைக்குள் இருக்கும் செவிக்கல்,
குறுணையரிசி அளவு.
தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால்
வளையம் வளையமாக மீனின் வயது.
நம் கடலில் பனிக்காலம் இல்லை, வளையமும் மங்கல்.
இது ஒன்றா, இரண்டா
என்று பார்த்துப் பார்த்து ஏழு வருடம்.
முனைவர் பட்டத்துக்கு முன்பே
மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது.

சோநீவாடு திரும்பினால் சாளை ஏறும் என்று
கஸ்பார் ஒரு பீடி நேரத்தில் சொன்னதை
மூன்றாண்டு புள்ளிவிவரத்தால் நிறுவினேன்.
நன்றியுரையில் அவர் பெயரை
அச்சகம் கேஸ்பர் ஆக்கியது.

பிறகு தெற்கூரில் தூண்டில் வளைவு.
அவர்களுக்கும் வீடு போய்க்கொண்டிருந்தது,
கேட்டதில் தப்பில்லை.
அரசு என்னிடம் அறிக்கை கேட்டது.
தெற்கே கல் விழுந்தால்
வடக்கே மணல் போகும்.
எனக்குத் தெரியும், கஸ்பாருக்கும் தெரியும்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதினேன்:
அரிப்பு ஏற்பட வாய்ப்புள்ளது.

வாய்ப்புள்ளது.
எந்த மதிப்பீட்டாளரும் வெட்டாத சொல்.
அதை நம்பித்தான் இத்தனை கட்டுரைகள்.

இரண்டு ஆனி, இரண்டு ஆடி.
ஏலக்களம் போயிற்று,
வலைக்கூடம், குருசடி, பதினேழு வீடு.
மிக்கேலம்மாள் இப்போது
கல்லுக்கு அந்தப் பக்கம், தெற்கூரில் கடை போடுகிறாள்.
"நீ தலை வெட்டுன எடத்துல
மீனு மேயுது டாக்டரம்மா, போயிப் பாரு."
சிரித்தாள். காசில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

போய்ப் பார்த்தேன், முகமூடி மாட்டி மூழ்கி.
குருசடிப் படியின் இடுக்கில்
விரலளவு களவாக் குஞ்சுகள்.
எண்ணினேன். வேறென்ன செய்யத் தெரியும்?
இருபத்திமூன்று.

படிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்
அலுவலகத்து ஆவுடையப்பன்.
"மேடம், நீங்க குடுத்த பாயிண்ட்
கடலுக்குள்ளல்லா கெடக்கு?"

ஆமா, என்றேன்.
அப்படியே இருக்கட்டும்.