கண்டென்சர்

நெருப்பு மூட்டுவது சுலபம்.
நாற்பது விநாடியில் குழாய்ச் சுருள் சீறும்;
பழைய கஞ்சிலின் உடம்பு
ஒருமுறை சிலிர்த்து நிற்கும்.

போன ஆவியைத் திரும்பப் பிடிப்பதுதான்
உயிரை எடுக்கிறது.
பினாங்குக் காற்று
வெந்நீரில் நனைத்த துண்டு;
அதை வைத்து எதைக் குளிர்விப்பது?

ஜெலுத்தோங்கில் புறப்பட்டால்
குளுகோர் சிக்னலில் தொட்டி காலி.
பெட்ரோல் நிலையத்தில் வாளியோடு நிற்பேன்.
"கார் கழுவவா அக்கா?"
"இல்லை தம்பி, குடிக்க."

சிலிண்டர் எண்ணெய் நீரில் கலந்து
கொதிகலனுக்குள்
மீன்குழம்பு மாதிரி மிதக்கிறது.
பதிவுப் படிவத்தில் பெட்ரோல், டீசல், மின்சாரம்;
எனக்கான கட்டத்தை
நானே ரூலர் வைத்து வரைந்தேன்.
சியோக் ஹாய் வெல்டிங் முகமூடியைத் தூக்கி
"பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா, சுகந்தமாலா?" என்கிறான்,
மாதம் ஒரு தடவை.

நேற்று நாலரைக்குக் கொட்டியது மழை.
கண்டென்சர் முகத்தில் நீர் அறைய அறைய
தொட்டியின் முள்
இறங்க மறந்து நின்றது.
பாலம் தாண்டிப் பிறை போய்த் திரும்பினேன்,
ஒரு வாளி கேட்காமல்.

இப்போதெல்லாம் விடிந்ததும்
கொம்தார் பக்கம் இருட்டுகிறதா என்று பார்க்கிறேன்.
துணி காயப்போடும் பக்கத்து வீட்டு மல்லேஸ்வரி
என்னோடு பேசுவதில்லை.