ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு

சிவப்பு. அதுதான் முதலில் கண்ணில் படும்.
ஆம்பூலின் கழுத்தை தோரா ஒடிக்கும்போது
மாதுளைச் சாறு மாதிரி
ஒரே ஒரு மில்லி.
"கையைத் தளர்த்து, இங்கா."
தளர்த்துவேன்.
கொஞ்சம் எரியும்,
அப்புறம் பஞ்சு, பிளாஸ்டர்,
அப்புறம் பன்னிரண்டு வாரம்.

அந்தக் கணக்கை எழுதியவருக்கு
என்னைத் தெரியாது.
எட்டு வரைக்கும் நான் ஒரு ஆள்.
ஒன்பதில் கெட்டிலைத் தூக்க இரண்டு கை வேண்டும்.
பத்தில் சொற்கள் உதிரும்.
செவ்வாய்க்கிழமை அலமாரிக் கதவு தொங்கியது,
"அதை எடு, அந்த... ஆணியைச் சுற்றுகிறது" என்றேன்.
எர்லெண்ட் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தான்.
சிரித்திருக்கலாம்.

இருபத்தொரு வருஷம்
ஸ்ட்ரோம்னெஸ்ஸில் தபால் சுமந்தவள் நான்.
கடலுக்குள் கால் நீட்டிய வீடுகள்,
கல் பாவிய ஒற்றைத் தெரு,
அதிலிருந்து மேட்டுக்கு ஏறும் சந்துகள்.
எந்தப் படி பாசி, எந்த நாய் பொய்க்குரைப்பு,
எல்லாம் காலுக்கே தெரியும்.

இப்போது காலுக்குத் தன் விரல்களே தெரியவில்லை.
குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது,
இருக்கிறீர்கள், சரி.
குளிக்கும்போது கண்ணை மூடினால்
தரை படகாகிறது.
ஒரு கை தலைக்கு,
ஒரு கை சுவருக்கு.

கறிக்கடை டேவி லீஸ்க்
ஈரலைக் காகிதத்தில் மடித்து, காசு வேண்டாம் என்கிறான்.
"இரும்பு, பெண்ணே, இரும்பு."
வாங்கிக்கொள்கிறேன். பூனைக்குப் பிடிக்கும்.
குறை தட்டில் இல்லை, டேவி.
முகவரி சரி, தபால்தலை சரி,
கடிதம் வாசல் வரை வந்துவிடுகிறது.
கையெழுத்துப் போட்டு வாங்கத்தான்
உள்ளே ஆளில்லை.
இருந்தவனை
என் உடம்பே துரத்திவிட்டது.

இரத்தம் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர்.
எண்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றனவாம்.
சந்தோஷம்.
அது மட்டும் தனியாகப் போய்
மாடியிலிருந்து துணிக்கூடையை எடுத்து வரட்டும்.

அவர் 'களைப்பு' என்று எழுதிக்கொண்டார்.
களைப்பு எனக்குத் தெரியும்.
ஜனவரிக் காற்றில் பையோடு அலைந்த நாட்களில்
அது சூப்பு கேட்கும், தூக்கம் கேட்கும்,
கொடுத்தால் போய்விடும். நாணயமானது.
இது அப்படியில்லை.
நனைந்த கம்பளிச் சட்டையோடு படுத்து
நனைந்த கம்பளிச் சட்டையோடு எழுந்திருப்பது.
கழற்றப் பித்தான் தேடினால்
பித்தானே இல்லை.

வியாழக்கிழமை, அலுவலகத்தில்
(இப்போது நாற்காலியில் உட்கார்ந்து
கடிதம் பிரித்துப் போடுகிற வேலை)
மருத்துவமனை முத்திரையோடு ஒரு வெள்ளை உறை.
இங்கா ஃபிளெட்.
கையெழுத்தல்ல, அச்சு. ஆனாலும்
என் பெயரை வேறு யாரோ கூப்பிட்டது போலிருந்தது.
சட்டைப் பைக்குள் போட்டிருக்கலாம்,
யார் கேட்பார்கள்?
பதினாலாம் அறையில் போட்டேன்.
விதி விதிதான்.

மதியம் வீட்டில் சோபாவில் கிடந்தபோது
கதவுத் துளையில் அது விழுந்த சத்தம்.
புதுப் பையன், இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.
கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.
பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.
எழுந்து போய் எடுக்க இருபது நிமிஷம்.

விடுமுறை காரணமாக
ஊசி ஒன்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது.
வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள்.
ஒன்பது நாள்.
குளிர்பெட்டி மேல் இருக்கும் காலண்டரில்
பென்சிலால் அழித்து, பென்சிலால் எழுதினேன்.
பேனா எப்போதோ விட்டாயிற்று.

எர்லெண்ட் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே
"தோராவுக்கு போன் பண்ணட்டுமா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
பிறகு பண்ணு என்றேன்.
பிறகு, அழுதேனா என்று நினைவில்லை,
வெங்காயமும் இருந்தது.

ராத்திரி மூன்று மணி.
காற்று கூரை ஓட்டைத் தட்டிப் பார்க்கிறது.
யாரும் கேட்காமலே,
யாரும் தேடாமலே,
இருட்டில் தானாக வந்து நின்றது:
திருப்புளி.

எர்லெண்ட் அசந்து தூங்குகிறான்.
காலையில் சொல்லிக்கொள்ளலாம்தான்.
காலை வரைக்கும் இருக்குமோ என்னவோ.

எழுப்பினேன்.