ஓரக்குறிப்பு

ஓலு நகரில் நவம்பர்.
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
நடையில் கழற்றிய பூட்ஸ்களிலிருந்து
பனி உருகி ரப்பர் விரிப்பில் வழிகிறது.
கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறாள் துலிக்கி,
மடியில் படிவம்,
கையில் நான் கொடுத்த பென்சில்.

ஐம்பத்தெட்டுக் கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்:
இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.
கூட்டுத்தொகை ஏற ஏறப்
பிள்ளைக்கு மனிதரோடு பழகுவது
அவ்வளவு கடினம் என்று பொருள்.

வேறு ஊரில், வேறு மொழியில் பிறந்த கேள்விகள்.
நானும் வேறு இருவரும் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து
ஃபின்னிய மொழிக்குக் கொண்டுவந்தோம்.
பதினேழாவதில் தடுக்கியது:
'அறியாதவரிடம் தானாகப் பேச்சுக் கொடுப்பானா?'
பேருந்து நிறுத்தத்தில்
ஆளுக்கு ஆள் ஒரு பனிக்குவியல் இடம் விட்டு
நிற்கிற ஊர் இது.
என் அப்பாவே அதில் தேறமாட்டார்.
சிரித்தோம்.
பிறகு அதை அப்படியே விட்டுவைத்தோம்,
எடுத்தால் கூட்டல் கெட்டுவிடும் என்று.

துலிக்கியின் தாளில் நாற்பத்தொன்று.
யார்மோவின் தாளில் பத்தொன்பது.
வகுப்பு ஆசிரியை போட்டது அறுபத்து மூன்று.
ஒரே பையன். ஆர்னி. ஒன்பது வயது.
இந்த இடைவெளிக்குப் புள்ளியியலில் பிழை என்று பெயர்.
யார்மோ சனிக்கிழமைகளின் அப்பா.
ஆற்றுப் பனியில் துளை போட்டுத்
தூண்டிலோடு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.
மீன் பிடிக்க வாய் எதற்கு?

நகராட்சி பார்ப்பது தாயின் தாளைத்தான்.
நாற்பத்தைந்து இருந்தால்
வகுப்பில் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தரும்.

"நாலா குறைகிறது?" என்றாள்.

கண்பட்டுவிடும் என்று
பிள்ளையின் நல்லதை மறைத்த தாய்மார் உண்டு.
இவள் அதை ரப்பரால் அழிக்க வேண்டும்.
அழிப்பானை அவள் பக்கம் நகர்த்தினேன்.
கையேட்டின் நான்காம் பக்கம் கூடாது என்கிறது.
அந்தப் பக்கத்தை எழுதியதும் நான்தான்.

அவள் ஒவ்வொன்றாகத் தேடினாள்,
பழித்துச் சொல்ல வாய் கூசுகிறவள் போல
உதட்டை மடித்துக்கொண்டு.
முப்பத்தொன்றில் நின்றாள்.
'பிறர் வருந்தினால் உணர்கிறானா?'
அடிக்கடி, என்று முன்பு போட்டிருந்தாள்.
இப்போது, இல்லவே இல்லை.
பக்கத்தில் ஓரமாக எழுதியிருந்த வரியையும் அழித்தாள்.

அடுத்த அறையில் ஆர்னியிடம்
சிறுவர்க்கான தாளை வாசித்தேன்.
"உனக்கு நண்பர்கள் இருக்கிறார்களா?"
"எந்தக் கிழமையில்?"
எழுதிக்கொண்டேன், அதற்குக் கட்டம் இல்லை.
நாற்பத்தாறாவது வந்ததும் தலை நிமிர்ந்தான்,
என்னை அல்ல, என் காதை நோக்கி.
"இதை இருபத்திரண்டில் வேறு மாதிரி கேட்டீர்கள்.
நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கவா?"

ஆமாம், அதற்காகத்தான்.
இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் கண்டுபிடித்ததில்லை.
ஆசிரியையின் தாளைப் புரட்டினேன்:
'பிறர் உள்நோக்கம் புரியாமல் தடுமாறுகிறான்'
எப்போதும்.

நாற்பத்தேழு.
கையெழுத்திட்டேன்.
ஜனவரியிலிருந்து ஆள் வரும்.
அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை;
எண் இல்லாமல் அந்த நாற்காலி வராது.

அவர்கள் போன பிறகு
தாளை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தேன்.
பென்சில் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது:
'நான் அழுதபோது ஃப்ரிட்ஜை அணைத்தான்.
அந்த இரைச்சல் தலையில் குத்தும், அவனுக்கு.
காலையில் பால் திரிந்திருந்தது.'

ஓரக்குறிப்புகளுக்கு மதிப்பெண் இல்லை.
அதுவும் நான்காம் பக்கம்தான்.

தேநீர் அறையில் கோப்பையைக் கழுவும்போது கேட்டது,
எங்கள் ஃப்ரிட்ஜ்.
பதினோரு வருடமாக இரைந்துகொண்டிருந்திருக்கிறது.
சுவிட்ச் வரை கை போயிற்று.
அணைக்கவில்லை.
உள்ளே மற்றவர்களின் பால் இருந்தது.